ஸ்கியூனஸ்: கோட்டம் இருக்கட்டும், வாலையும் சேர்ப்போம்

> ஸ்கியூனஸுக்குச் 'சாய்வு' என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

ஐயா, வணக்கம். எண்களின் பரவல் ஒருபக்கமாக எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்று காட்டும் புள்ளியியல் அளவைதான் ஸ்கியூனஸ் (skewness). 'சாய்வு' என்றால் புரியும்தான், ஆனால் வேறொன்றாகப் புரியும். பள்ளிக் கணக்கில் நேர்கோட்டின் சாய்வு எப்போதோ குடியேறிவிட்டது.

'சமச்சீரின்மை'யும் எனக்கு ஒப்பவில்லை. அது பரந்த சொல். நமக்கு வேண்டியது ஓர் அளவையின் பெயர். −4, −4, 1, 1, 1, 5 என்ற ஆறு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி 0. ஸ்கியூனஸுக்கு அடிப்படை, சராசரியிலிருந்து ஒவ்வோர் எண்ணும் விலகும் அளவின் மும்மடி; அவற்றைக் கூட்டினால் −128 + 3 + 125, அதுவும் 0. ஆகவே ஸ்கியூனஸ் பூஜ்யம். ஆனால் ஒரு கோட்டில் புள்ளி வைத்துப் பாருங்கள், இடமும் வலமும் ஒத்தே போகாது.

பாடநூலில் உள்ள 'கோட்டம்' போதும். வள்ளுவர் கோட்டம் நினைவுக்கு வருகிறதாம், வரட்டுமே. வள்ளுவரே 'சொற்கோட்டம்', 'உட்கோட்டம்' என்று ஒருபக்கம் கோணுவதைத்தான் சொல்கிறார், அதுவும் நடுவு நிலைமை அதிகாரத்தில்.

என் சண்டையெல்லாம் 'வலக்கோட்டம்', 'இடக்கோட்டம்' மேல்தான். இங்கே தென்னாப்பிரிக்காவில் பதினோராம் வகுப்புக் கணக்கிலேயே இது வந்துவிடுகிறது. டர்பன் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வார இறுதியில் தமிழ் வகுப்புக்கு வருகிறார்கள். வலக்கோட்டம் வரையச் சொன்னால், பெரும்பாலான எண்கள் குவியும் மேட்டை வலப்பக்கம் வரைகிறார்கள். மேடு இருப்பதோ இடப்பக்கம். வலப்பக்கம் நீள்வது வால்.

எங்கள் ஊர் மழையையே பாருங்கள். பெரும்பாலான நாள் 0 மில்லிமீட்டர். பெய்தாலும் அநேகமாகக் கொஞ்சம்தான். 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போதோ சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. பூஜ்யத்துக்குக் கீழே மழை பெய்ய வழியில்லை, வால் நீள வலப்பக்கம்தான் இடம். அப்படி ஒரு நாள் வந்தால் சராசரி மேலே ஏறும், வரிசையின் நடுவில் நிற்கும் இடைநிலை (median) அசையாமல் கிடக்கும்.

ஆகவே 'வலவால் கோட்டம்', 'இடவால் கோட்டம்' என்கிறேன். எல்லாரும் எண்பது தொண்ணூறு வாங்கி, இரண்டு மூன்று பேர் மட்டும் இருபதில் நின்ற தேர்வு இடவால். (வலவாலைக் குறிக்க 'நேர்க்கோட்டம்' மட்டும் வேண்டவே வேண்டாம். காதில் நேர்கோடு என்று விழுகிறது! கோட்டத்தை அளக்கும் எண்ணான கோட்டக்கெழு நேர்ம எண் என்று எழுதினால் போயிற்று.)

வால் கொச்சையாக இருக்கிறது என்பவர்கள் வால்நட்சத்திரத்தையும் வால்மிளகையும் என்ன செய்வார்கள்? மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அப்புறம், வால்கள் எவ்வளவு கனமானவை என்று காட்டும் இன்னோர் அளவையான குர்டோசிஸுக்கு (kurtosis) 'தட்டை அளவை' சரிதானா என்று யாராவது தனி இழை தொடங்கினால் நல்லது.