பூங்காக் குளத்தில் பாசி: ஒரே நாளில் அள்ளலாமா?

கேள்வி:
நகரப் பூங்காக் குளம் ஒன்றில் முக்கால்வாசிப் பரப்பைப் பாசி மூடிவிட்டது. ஒரே நாளில் முழுக்க வாரிவிடலாம் என்கிறது பராமரிப்புக் குழு. தவளைகளும் தட்டான்களும் உள்ள குளம். சரிதானா?

நாணல்:
வேண்டவே வேண்டாம். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். சில வாரம் விட்டு அடுத்த பங்கு. தவளை முட்டையிடும் பருவத்தில் கைவைக்கக் கூடாது. அகலப் பல் வாரியால் மெதுவாக இழுத்து, கரையோரத்திலேயே ஒன்றிரண்டு நாள் விடுங்கள். சிக்கிய உயிர்கள் நீருக்குத் திரும்பும். அதற்குமேல் விட்டால் அழுகிய சாறு குளத்திலேயே இறங்கி அடுத்த பாசிக்கு உரமாகும். அடுத்த குளத்துக்கு வாரியைக் கொண்டுபோகுமுன் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். தவளைகளைக் கொல்லும் பூஞ்சை ஈரக் கருவிகளிலும் பயணிக்கும்.

கரைப்புல்:
அள்ளுவதைவிடக் காரணத்தைப் பாருங்கள். வாத்துகளுக்கு வீசும் ரொட்டி, உதிர்ந்த இலை, புல்வெளி உரம், எல்லாமே பாசியை வளர்க்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான். கரையோரம் 2, 3 மீட்டர் புல்லை வெட்டாமல் விட்டால் ஓடிவரும் உரத்தில் ஒரு பகுதியை அதுவே பிடித்துக்கொள்ளும். நீர் குறைந்தால் மழைநீர் விடுங்கள், குழாய்நீர் வேண்டாம்.

ஆழம்:
முதலில் ஒரு குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். இழையாக வந்தால் மேலே சொன்னபடி செய்யலாம். பெயின்ட் கொட்டியதுபோல் கலங்கினால் நீலப்பச்சைப் பாக்டீரியாவாக இருக்கலாம். அதன் நஞ்சு நாயைக் கொல்லும். தொடாமல், எச்சரிக்கைப் பலகை வைத்து, நீரைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.