சிலிண்டர் 30 நாள்தான் வருது. கேஸ்காரர் மேல சந்தேகப்படலாமா?

கால்வாய்க்கரை வீடு:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க சென்னை கொருக்குப்பேட்டை. வீட்ல அஞ்சு பேர். புது சிலிண்டர் மாட்டுற அன்னிக்கு காலண்டர்ல வட்டம் போட்டு வைக்கிறது என் பழக்கம். எப்பவும் 45 நாள் வரும். போன ரெண்டு சிலிண்டரும் 30, 31 நாள்ல தீர்ந்து போச்சு. சமையல்ல மாத்தம் எதுவும் இல்ல. அதே இட்லிப் பானை, அதே குக்கர்.

"வர்ற வழியிலயே உறிஞ்சிடுறானுங்க"ன்னு மாமியார் தீர்ப்பே சொல்லிட்டாங்க. எனக்கு அந்த அண்ணனைப் பார்த்தா அப்படித் தோணலை. ரெண்டு மாடி தூக்கிட்டு வந்து ஒரு சொம்பு தண்ணி மட்டும் கேட்டு வாங்கிக் குடிச்சிட்டுப் போறவர். ஆனா எதை வச்சு முடிவு பண்றது? உள்ள எவ்ளோ இருக்குன்னு பார்க்க வழி இருக்கா?

இன்னொண்ணு. கைப்பிடி வளையத்துக்குக் கீழ பட்டையில "டி 27"ன்னு எழுதியிருக்கு. அது எக்ஸ்பைரி, அதுக்கப்புறம் கேஸ் வீக் ஆயிடும்னு எதிர்வீட்டு அக்கா சொல்றாங்க. நிஜமா?

மூணு சக்கரம்:

நான் 19 வருஷம் சிலிண்டர் தூக்கினவன்மா. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைன்னு சுத்தினவன். எந்தச் சந்துல எந்த மாடிப்படி குறுகல்னு இன்னிக்கும் என் இடது தோள் சொல்லும். இப்ப வேலைக்குப் போறதில்ல.

திருட்டே கிடையாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். நடக்குது. ஆனா அதைக் கண்டுபிடிக்க எடை போட்டாப் போதும். அதே பட்டையில பெயிண்ட்ல 15.3, 16.1ன்னு ஒரு எண் இருக்கும் பாருங்க, அது வெறும் இரும்போட எடை. சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறும். அதோட உள்ள அடைச்ச கேஸோட எடை 14.2 கிலோவைக் கூட்டுங்க. 15.3 இருந்தா தராசு 29.5 காட்டணும். கேட்டா எடை போட்டுக் காட்டியே ஆகணும், அது அவங்க கடமை. இத்தனை வருஷத்துல என்கிட்ட "எடை போடுப்பா"ன்னு சொன்ன வீடு பத்து தேறாது. முதுகுக்குப் பின்னாடி திருடன்னு சொன்ன வீடு தெருவுக்கு நாலு.

எடை பார்த்த கையோட மூடியைக் கழட்டி வால்வுக்குள்ள ரெண்டு சொட்டு தண்ணி விடச் சொல்லுங்க. குமிழ் வந்தா வால்வு ஒழுகுதுன்னு அர்த்தம், திருப்பி அனுப்பிடுங்க. உள்ள கறுப்பு வாஷர் இருக்கான்னும் பாருங்க.

"டி 27" கேஸுக்குப் போட்ட தேதி இல்ல. அடைச்சு வச்ச கேஸ் கெட்டுப் போகாது. அது இரும்பை மறுபடி சோதிக்க வேண்டிய தேதி. ஏ-ன்னா ஜனவரியிலிருந்து மார்ச், பி-ன்னா ஏப்ரலிலிருந்து ஜூன், சி-ன்னா ஜூலையிலிருந்து செப்டம்பர், டி-ன்னா அக்டோபரிலிருந்து டிசம்பர். உங்களுது 2027 டிசம்பர் வரைக்கும் செல்லும். புது சிலிண்டருக்கு முதல் சோதனை 10 வருஷத்துல, அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை. தேதி தாண்டினது வந்தா வாங்காதீங்க.

உள்ள எவ்ளோ இருக்குன்னு பார்க்க, ஈரத்துணியால மேலிருந்து கீழ வரைக்கும் ஒரு கோடா துடைச்சு விட்டுட்டுக் காத்திருங்க. மேல சீக்கிரம் காயும். உள்ள கேஸ் திரவமா நிக்கிற உயரத்துக்குக் கீழ இரும்பு ஜில்லுன்னு இருக்கும், அங்க ஈரம் நிக்கும். தீயைப் பார்த்து அளவு சொல்ல முடியாது, கடைசி சொட்டுத் திரவம் இருக்கிற வரைக்கும் அழுத்தம் பெருசா இறங்காது.

இப்ப உங்க கணக்குக்கு வர்றேன். 45 நாள்னா தினம் 315 கிராம். 30 நாள்னா 470-க்கு மேல. உங்களுக்கு 30 நாள் மட்டும் வரணும்னா சிலிண்டருக்கு நாலே முக்கால் கிலோ எடுத்திருக்கணும்மா. அவ்ளோ குறைஞ்சா நகர்த்தும்போது உங்க கைக்கே தெரியும். அதுவும் ரெண்டு தடவையும் ஒரே அளவா? திருடுறவன் அப்படி எடுக்க மாட்டான். தினம் 150 கிராம் உங்க அடுப்பாங்கரையிலேயே எங்கயோ போகுது. ராத்திரி ரெகுலேட்டரை மூடுறீங்களா?

பெரம்பூர்வாசி:

ஈரத்துணி வேலைக்கு ஆகாது. நான் பண்ணிப் பார்த்தேன், மேலயும் கீழயும் ஒண்ணாத்தான் காய்ஞ்சுது. எங்க பாட்டி கடைசியில சிலிண்டரைப் படுக்கப் போட்டு ஒரு நாள் ஓட்டுவாங்க. அதுதான் கரெக்ட் டெஸ்ட் 😀

மூணு சக்கரம்:

அடுப்பு எரியும்போது துடைக்கணும் தம்பி. அப்பத்தான் உள்ள திரவம் ஆவியாகி இரும்பு குளிரும். நம்ம ஊர் புழுக்கத்துல கொஞ்சம் நேரமும் ஆகும்.

படுக்கப் போடுறது வேணாம். ஆவி போக வேண்டிய வழியில திரவம் போகும். திரவம் வெளிய வந்தா 250 மடங்கு விரியும். கடைசியில வெந்நீர் ஊத்துறதும் வேணாம். நான் எத்தனை வீட்ல நிமிர்த்தி வச்சுட்டு வந்திருக்கேன் தெரியுமா.

ராயபுரம் வாத்தியார்:

நான் வேதியியல் சொல்லிக் கொடுப்பவன். கேட்டதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. தினம் 150 கிராம் கசிந்தால் நாற்றம் வந்திருக்க வேண்டுமே?

சமையல் எரிவாயுவுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. நாம் "கேஸ் நாத்தம்" என்பது எத்தில் மெர்கேப்டான் என்ற கந்தகச் சேர்மம். கசிவு தெரியட்டும் என்றே துளியளவு கலக்கிறார்கள். 1937-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வாசனையற்ற இயற்கை எரிவாயு ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் தேங்கி வெடித்து ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதன் பிறகுதான் அங்கே நாற்றம் சேர்ப்பது சட்டமானது.

சிக்கல் நம் பக்கத்து மூக்கில் இருக்கிறது. ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், காற்று திரும்பினால் மணலி ஆலைகள். எங்கள் தெருவில் யாராவது "என்ன நாத்தம்" என்று கேட்டாலே ஊருக்குப் புதிது என்று தெரிந்துவிடும். கந்தக வாடையை மூக்கு சில நிமிடங்களில் பழகிக்கொள்ளும். அதனால் வெளியே போய் ஐந்து பத்து நிமிடம் இருந்துவிட்டு வந்து, அடுப்பருகிலும் தரையோரமும் குனிந்து மோந்து பாருங்கள். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் படியும். சிலிண்டர் தீரும் சமயத்தில் வாடை கூடுவது வேறு, மெர்கேப்டான் மெதுவாக ஆவியாவதால் கடைசித் திரவத்தில் அது செறிந்திருக்கும்.

நாற்றம் பலமாக இருந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அடியுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

கால்வாய்க்கரை வீடு:

அண்ணா, சார், ரெண்டு பேருக்கும் நன்றி. ரெகுலேட்டரை மூடினதே இல்லண்ணா, சிலிண்டர் மாத்தும்போது மட்டும்தான்.

சார் சொன்ன மாதிரி கீழ போய் பால் பாக்கெட் வாங்கிட்டு வந்து மோந்து பார்த்தேன். அடுப்புக்கிட்ட லேசா இருந்தது. ரெண்டு மாசமா அதைக் கால்வாய் நாத்தம்னு நினைச்சு அந்தப் பக்க ஜன்னலை மூடி வச்சிட்டு இருந்திருக்கேன்! உடனே திறந்து விட்டேன். டியூப் ரெண்டு முனையிலயும் சோப்புத் தண்ணி தடவினேன், ஒண்ணும் இல்ல. அடுப்போட இடது பக்கத் திருகுக்குப் பின்னாடி தடவினா சின்னச் சின்னதா, இறால் முட்டை மாதிரி குமிழ் விடாம வந்துட்டே இருக்கு. ரெகுலேட்டரை மூடினதும் நின்னுடுச்சு. ரிப்பேர்காரர் வந்து திருகைக் கழட்டினார், உள்ள கிரீஸ் காய்ஞ்சு பொடியா கொட்டுச்சு.

நேத்து புது சிலிண்டர் வந்தது. கொஞ்சம் கூச்சமாத்தான் கேட்டேன். அந்த அண்ணன் ஒண்ணும் சொல்லாம கீழ போய் வண்டியிலிருந்து கொக்கித் தராசு எடுத்துட்டு வந்தார். பட்டையில 15.7, தராசுல 29.9. மாமியார் கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவை பார்த்தாங்க. அப்புறம் உள்ள போய் மோர் கலக்கிக் கொண்டு வந்தாங்க.

மூணு சக்கரம்:

நல்லதும்மா. அந்த டியூப் மேல தயாரிச்ச வருஷம் அச்சாயிருக்கும், அதையும் பாருங்க. 5 வருஷம் தாண்டியிருந்தா மாத்திடணும்.

கால்வாய்க்கரை வீடு:

பார்த்தேன் அண்ணா. 2016ன்னு இருக்கு. சாயந்திரமே வாங்கிடுறேன்.