மகளிர் குழு அக்காக்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு: முதல் நாளுக்கு முன்பே என்ன சொல்லி வைப்பது?

கரந்தைக்காரன்:

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரமும் ஒரு நீள மேசையும் கொடுத்திருக்கிறார்கள். மகளிர் குழு அக்காக்கள் 11 பேர் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வருகிறார்கள், வயது முப்பதிலிருந்து அறுபது வரை. பிள்ளைகள் பள்ளியில் வாங்கிய விலையில்லா மடிக்கணினிகளைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துப் பார்த்ததில் ஆறு தேறின. அதிலும் நான்கில் பேட்டரி செத்துவிட்டது, நேராகக் கரண்டில்தான் ஓடும்.

போன வருடம் இதே மாதிரி ஒரு குழுவுக்கு வகுப்பெடுத்து அசிங்கப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே போர்டில் பெட்டி பெட்டியாகப் படம் போட்டு சிபியு, மெமரி, இன்புட், அவுட்புட் என்று ஒன்றரை மணி நேரம் பேசினேன். எல்லோரும் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வாரம் பாதிப் பேர் வரவில்லை. மூன்றாவது வாரம் நூலகரும் நானும்தான்.

இந்தத் தடவை இன்னும் இரண்டு வாரம் கையில் இருக்கிறது. அதற்குள் அவர்களிடம் என்ன கேட்டு வைப்பது, என்ன கொண்டுவரச் சொல்வது? எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் உண்டு, வாட்ஸப்பும் ஜிபேயும் என்னைவிட வேகமாகப் பார்க்கிறார்கள். ஆங்கில எழுத்து தெரியும், ஆனால் படித்துப் புரிந்துகொள்வது மூன்று நான்கு பேர்தான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தட்டச்சு டீச்சர்:

தம்பி, முதலில் கண்ணாடி. சிரிக்காதீர்கள். நாற்பது தாண்டியவர்களில் பாதிப் பேர் கண்ணாடியை வீட்டில் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு வருவார்கள், வகுப்பில் எழுத்து தெரியாததைச் சொல்ல வெட்கப்பட்டு "எனக்கு இதெல்லாம் மண்டையில ஏறாது தம்பி" என்பார்கள். நீங்களும் அவர்களுக்குப் படிப்பு வரவில்லை என்று நம்பிவிடுவீர்கள். கொண்டுவந்தாலும், புத்தகம் படிக்கிற கண்ணாடிக்கு ஒரு கை தூரத்துத் திரை மங்கலாகத் தெரியலாம், இரட்டைக் கண்ணாடிக்காரர்கள் தலையை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலியோடு போவார்கள். எழுத்தைப் பெரிதாக்கி வையுங்கள், பிரவுசரில் கண்ட்ரோலையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

அடுத்தது மவுஸ். டச்பேடில் ஆரம்பிக்கவே வேண்டாம், எங்கேயாவது கேட்டு ஆறு மவுஸ் வாங்கிவிடுங்கள். போனில் பழகியவர்கள் பார்க்கிற இடத்தில் விரலை வைப்பார்கள். இங்கே கை ஓரிடத்தில், கண் வேறிடத்தில், அதுதான் பெரிய கஷ்டம். மவுஸ் மேசை விளிம்புக்கு வந்துவிட்டால் தூக்கி நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்பதைக்கூட யாராவது சொல்லித்தர வேண்டும். இல்லையென்றால் பக்கத்து நாற்காலி வரை கையை நீட்டிக்கொண்டு போவார்கள், நான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறை சொடுக்கும்போது கை அசைந்து அம்பு நகர்ந்துவிடும், அதற்கும் திட்டாதீர்கள். கண்ட்ரோல் பேனலில் மவுஸ் பகுதிக்குப் போனால் இரட்டைச் சொடுக்கின் வேகத்தைக் குறைக்கலாம், அம்பைப் பெரிதாக்கலாம், கண்ட்ரோல் விசையை அழுத்தினால் அம்பைச் சுற்றி வட்டம் காட்டும்படியும் வைக்கலாம். அம்பைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்களுக்கு அந்த வட்டம் பெரிய ஆறுதல்.

குழுவில் யாராவது பழைய தட்டச்சு லோயர், ஹையர் பாஸ் செய்தவர் இருக்கிறாரா என்று விசாரித்து வையுங்கள். கீபோர்டில் உங்களையே தோற்கடிப்பார். ஆனால் ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டுவார், ஒன்று என்ற எண்ணுக்குச் சின்ன எல் அடிப்பார், ஏனென்றால் பழைய மெஷின்கள் பலவற்றில் ஒன்றுக்குத் தனி விசையே கிடையாது. என் மாணவி ஒருத்தி எக்ஸெல்லில் இப்படி அடித்துவிட்டுக் கூட்டல் வரவில்லை என்று அரை நாள் தேடினாள்.

இ-சேவை ஆள்:

நான் ஒரு மையத்தில் உட்கார்ந்து தினமும் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கிறவன், என் பங்குக்கு. வகுப்புக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கம்ப்யூட்டரில் என்ன வேலை நீங்களே செய்துகொள்ள ஆசை? "கம்ப்யூட்டர் கத்துக்கணும்" என்பது பதில் இல்லை, திரும்பக் கேளுங்கள். சிட்டா எடுக்கணும், பொண்ணுக்கு பயோடேட்டா அடிக்கணும், குழுக் கணக்கு போடணும் என்று வரும். அதை எழுதி வைத்துக்கொண்டு அங்கிருந்து பின்னோக்கிப் பாடத்தைப் போடுங்கள். சிட்டா நல்ல பாடம், பக்கம் தமிழிலேயே இருக்கிறது, மாவட்டம், வட்டம், கிராமம் என்று தேர்ந்தெடுத்துப் பட்டா எண் அடித்தால் சொந்த நிலம் திரையில் வரும். பட்டா எண்ணைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

மெயில் விஷயத்தை மட்டும் வகுப்பு நாளுக்கு விட்டுவைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிற எல்லோருக்கும் அநேகமாக ஒரு ஜிமெயில் ஏற்கெனவே இருக்கும். செல்போன் கடைப் பையன் போட்டுக்கொடுத்தது, பாஸ்வேர்டு அவனுக்கும் ஞாபகமிருக்காது. போன் செட்டிங்ஸில் முகவரியைப் பார்த்து எழுதி வரச் சொல்லுங்கள், பாஸ்வேர்டை வீட்டிலேயே மாற்றிவிட்டு வரட்டும். பதினோரு பேரும் ஒரே நேரத்தில் புதுக் கணக்கு திறக்கப் போனால் ஓடிபிக்குக் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும்.

ஆதார் அட்டை, பேங்க் பாஸ்புக் எதையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். யுபிஐ பின் நம்பரை வகுப்பில் யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். பொது மடிக்கணினி என்பதால் பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்பதுதான் பதில்.

வெட்டிப்பேச்சு:

தப்பாக நினைக்காதீர்கள், எல்லாம் போனிலேயே முடிகிற காலத்தில் இவர்களுக்கு எதற்கு இந்தப் பழைய பெட்டி? அந்த நேரத்தில் போனில் ஏமாறாமல் இருப்பதைச் சொல்லிக்கொடுக்கலாமே.

கரந்தைக்காரன்:

@வெட்டிப்பேச்சு ஞாயமான கேள்விதான். சேமிப்பு, உள்கடன், வட்டி என்று மூன்று நோட்டு, தீர்மானப் புத்தகம் தனி. மாதக் கடைசியில் கூட்டல் இடித்தால் ராத்திரி பத்து மணி வரை ஊக்குநர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அட்டவணையை ஆறு அங்குலத் திரையில் போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசுவோம். ஏமாறுவதைப் பற்றியும் கட்டாயம் பேசுவேன்: பணம் வருவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை, கேட்டால் போனை வை. அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

தமிழில் அடிக்கக் கற்றுக்கொடுப்பதை எப்போது வைக்கலாம்? ஒரு அக்கா முதல் நாளே வேண்டும் என்கிறார்.

எழுத்துரு வெறியன்:

முதல் நாள் வேண்டாம், நான்காவது வாரம் வையுங்கள். ஆனால் வைக்கும்போது தமிழ்99 வையுங்கள். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை, உயிரெழுத்து இடது கை, மெய் வலது கை, புள்ளி பல இடங்களில் தானாகவே விழும், 'அம்மா' அடிக்க மகரத்தை இரண்டு தட்டு தட்டினால் முதல் மகரத்துக்குப் புள்ளி வந்துவிடும். ஆங்கிலம் சரியாக வராதவர்களை, ammaa என்று ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றிக்கொள்ளும் முறையில் 'ஏ எம் எம் ஏ ஏ' என்று யோசிக்க வைப்பது எனக்கு ஒப்பவில்லை. விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டிவிடுங்கள். வானவில், பாமினி என்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு யாராவது கொண்டுவந்து திறந்தால் குப்பையாகத் தெரியும், கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று பதறுவார்கள், அது எழுத்துரு கோளாறுதான்.

தட்டச்சு டீச்சர்:

மவுஸ் பழக்க ஒரு வழி சொல்ல மறந்துவிட்டேன். 1990-இல் விண்டோஸ் 3.0-வில் சாலிடேர் சீட்டாட்டத்தைச் சேர்த்ததே ஜனங்களுக்கு மவுஸால் இழுத்துவிடப் பழக்கத்தான் என்பார்கள். உங்கள் மடிக்கணினியில் பழைய விண்டோஸ் 7 இருந்தால் அதிலும் இருக்கும். விளையாட விடுங்கள்.

கரந்தைக்காரன்:

முதல் வகுப்பு நேற்று முடிந்தது, வந்து சொல்வதாக இருந்தேன்.

டீச்சரம்மா, சீட்டாட்டம் எடுபடவில்லை. திரையில் சீட்டைப் பார்த்ததும் ஒரு அக்கா "இதை ஆடித்தானப்பா எங்க வீட்டுக்காரர் வயலை அடமானம் வச்சாரு" என்றார், அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. உடனே படம் வரைகிற பெயிண்ட் செயலியைத் திறந்து கோலம் போடச் சொன்னேன். ஒரு சொடுக்குக்கு ஒரு புள்ளி, ஐந்துக்கு ஐந்து. பிறகு பொத்தானை விடாமல் இழுத்தால் கோடு. தப்பானால் கண்ட்ரோலும் இசட்டும், அதற்கு அவர்களே 'அழிப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிக்குக்கோலத்தின் வளைவு மட்டும் யாருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. இரண்டு மணி நேரத்தில் ஒருவர்கூட மண்டையில் ஏறாது என்று சொல்லவில்லை. கண்ணாடி மறந்து வந்தவர்கள் மூன்று பேர், சொல்லியும்!

பதினொன்றரைக்குக் கரண்டு போனது. பேட்டரி செத்த நான்கும் அணைந்தன, நான்கு கோலமும் போயின. போனில் எதுவும் இப்படிப் போனதில்லையே என்று கேட்டார்கள். சேமிப்பது என்றால் என்ன என்பதை அடுத்த வாரத்துக்கு வைத்திருந்தேன், அங்கேயே சொல்லவேண்டியதாகிவிட்டது.

தஞ்சாவூர்ப் பக்கம் யாரிடமாவது சும்மா கிடக்கிற யுபிஎஸ் இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மவுஸும் குறைகிறது.