ஆங்கிலக் கிராமத்தில் பாரிஷ் கவுன்சில்: எதை யாரிடம் கேட்பது?

கேள்வி: நார்ஃபோக்வாசி

மருத்துவமனை வேலையின் பொருட்டு நானும் என் மனைவியும் நார்ஃபோக்கில் ஒரு சிற்றூருக்குக் குடிவந்திருக்கிறோம். ஒரு தேவாலயம், ஒரு பப், ஊர் மண்டபம், பேருந்து நிழற்குடை, இவ்வளவுதான் ஊர். கவுன்சில் டாக்ஸ் எனும் உள்ளாட்சி வரிச் சீட்டில் கவுண்டி, மாவட்டம், காவல்துறை, பாரிஷ் என நான்கு பங்குகள் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன. எங்கள் தெருவிளக்கு எரியவில்லை. சாலையிலும் பெரிய குழி விழுந்திருக்கிறது. இவற்றை யாரிடம் முறையிடுவது? பாரிஷ் கவுன்சில் தேவாலயத்தைச் சேர்ந்ததா? இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நாங்கள் அதன் கூட்டத்துக்குப் போகலாமா, வாக்களிக்கலாமா?

பதில்: ஊர்மண்டபம்

கவுண்டி பெரிய நிலப்பகுதி, அதன் உட்பிரிவு மாவட்டம், அதற்கும் கீழே ஊர் அளவில் இயங்கும் மன்றம்தான் பாரிஷ் கவுன்சில். தேவாலயத்துக்கும் அதற்கும் நிர்வாகத் தொடர்பு கிடையாது. ஊர்ப் பொதுக் காரியங்களைத் தேவாலயச் சபையின் பொறுப்பிலிருந்து பிரித்து, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றத்திடம் ஒப்படைத்தது 1894ஆம் ஆண்டுச் சட்டம்.

சாலைக் குழி கவுண்டி கவுன்சிலின் பொறுப்பு. அதன் இணையதளத்திலேயே நேரடியாகப் பதிவு செய்யுங்கள். குப்பை எடுப்பது மாவட்டக் கவுன்சில். தெருவிளக்கு மட்டும் ஊருக்கு ஊர் மாறும்: சில விளக்குகள் கவுண்டியுடையவை, நடைபாதை விளக்குகள் பலவும் பாரிஷ் கவுன்சிலுடையவை. ஆகவே விளக்குக் கம்பத்தில் எண் இருந்தால் அதைக் குறித்துக்கொண்டு பாரிஷ் கிளார்க்குக்கு எழுதுங்கள். அவருடைய முகவரியை ஊர் அறிவிப்புப் பலகையில் காணலாம். உறுப்பினர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி உழைப்பவர்கள். கிளார்க்தான் சம்பளம் பெறும் அலுவலர், கடிதப் போக்குவரத்து அனைத்தும் அவர் வழியாகவே நடக்கும். வீட்டு விரிவாக்கம், புதிய குடியிருப்பு போன்ற விண்ணப்பங்களில் பாரிஷ் கவுன்சில் கருத்துச் சொல்லலாமே தவிர, முடிவெடுப்பது மாவட்டம்தான். இது தெரியாமல் கூட்டத்தில் உறுப்பினர்களிடம் கோபப்படுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

பதில்: வாக்குச்சீட்டு

கடவுச்சீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இந்தியா, இலங்கை, மலேசியா உள்ளிட்ட காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள், செல்லுபடியாகும் விசாவுடன் இங்கே வசித்தால், வாக்காளராகப் பதிவு செய்துகொண்டு எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். நம்மவர்களில் பலர் குடியுரிமை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும் என எண்ணி இந்த உரிமையை வீணாக்குகிறார்கள். உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிடுவதற்குத்தான் நிரந்தர வசிப்புரிமை தேவை.

பதில்: சாமர்செட்தோட்டம்

கூட்டத்துக்குப் போவதற்கு வாக்காளராக இருக்க வேண்டியதே இல்லை. 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுமக்கள் எவரும் அமர்ந்து கேட்கலாம். பேசுவது சட்டப்படியான உரிமை அன்று. ஆயினும் பெரும்பாலான மன்றங்கள் அதற்கெனச் சிறிது நேரம் ஒதுக்குகின்றன. மார்ச் 1 முதல் ஜூன் 1 வரையிலான காலத்துக்குள் நடக்கும் ஆண்டு ஊர்க்கூட்டத்தில் நிலைமை வேறு: அது வாக்காளர்களின் கூட்டம் என்பதால், பதிவு செய்த பிறகு நீங்களும் அங்கே பேசி வாக்களிக்கலாம்.

ஊர்மண்டபம் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பாரிஷின் அதிகாரம் சிறியது என்பது உண்மை. ஆனால் விளையாட்டுத் திடல், இடுகாடு, நிழற்குடை, போர் நினைவுச் சின்னம், வீட்டுக்கு வெளியே காய்கறி பயிரிட வாடகைக்குத் தரும் அலாட்மென்ட் நிலம் ஆகியவை ஊராருக்கு அன்றாடம் கண்ணில் படுபவை. அலாட்மென்ட் வேண்டுமென்று ஆறு வாக்காளர்கள் சேர்ந்து எழுதினால், கவுன்சில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. எங்கள் சாமர்செட் கவுண்டியில் 2023 ஏப்ரலில் மாவட்டக் கவுன்சில்கள் கலைக்கப்பட்டு அனைத்தும் ஒரே மன்றத்தின் கீழ் வந்தன. பாரிஷ் கவுன்சில்களோ அப்படியே நீடிக்கின்றன.

சிற்றூர்களில் போட்டியாளர் போதாமல் உறுப்பினர் இடம் காலியாகவே கிடப்பதும், பிறகு மன்றமே ஒருவரை நியமித்துக்கொள்வதும் சாதாரணம். வசிப்புரிமை கிடைத்ததும் நீங்கள் இருவருமே அதை எண்ணிப் பார்க்க வேண்டுமென மனதார விரும்புகிறேன். இப்போதைக்கு, தெருவிளக்கு பற்றிய கடிதத்தைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கிளார்க்கிடம் சேர்த்துவிடுங்கள். கூட்டத்துக்கு முழுதாக மூன்று நாட்கள் முன்னரே நிகழ்ச்சிநிரல் வெளியாக வேண்டும். அதில் இடம்பெறாத விஷயத்தில் அவர்கள் அன்று முடிவெடுக்க முடியாது.