150 சிசி மோட்டார் சைக்கிளுக்கு எந்த எஞ்சின் ஒயில் பொருத்தம்?

கேள்வி (கோண்டாவில்):
வணக்கம். நான் நாள்தோறும் பருத்தித்துறைக்கு வேலைக்குச் சென்றுவரும் 150 சிசி மோட்டார் சைக்கிளின் கைநூல் 20டபிள்யூ-50 ஒயிலைக் குறிப்பிடுகிறது. கடையிலோ, காருக்கு ஊற்றும் 5டபிள்யூ-30 முழுச் செயற்கை ஒயில் விலை கூடியதால் அதுவே தரமானது என்கிறார்கள். எதை ஊற்றுவது?

பதில் (சாவகச்சேரி):
தம்பி, கார் ஒயிலை ஊற்றவேண்டாம். கியர் உள்ள பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கியர், கிளச் மூன்றும் ஒரே ஒயிலில் நனைந்தபடி இயங்குவதால், எரிபொருள் சேமிப்புக்காகப் பல கார் ஒயில்களில் சேர்க்கப்படும் உராய்வு குறைக்கும் இரசாயனங்கள் கிளச் தட்டுகளை வழுக்கச் செய்யக்கூடும். அப்போது எஞ்சின் இரைந்தாலும் வண்டி இழுக்காது. போத்தலில், கிளச்சை வழுக்கச் செய்யாத ஒயிலுக்கான ஜப்பானியத் தரக்குறியான ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்கிறதா எனப் பாருங்கள். விலையைவிட எனக்கு அந்த எழுத்துகளே முக்கியம். எம்.பி. என்றிருப்பது கியரில்லாத ஸ்கூட்டர்களுக்கு உரியது.

பதில் (நெல்லியடி):
டபிள்யூவுக்கு முன்னுள்ள எண், குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண், 100 பாகை செல்சியசில் அதன் தடிப்பையும் குறிக்கின்றன. கடுங்குளிர் இல்லாத யாழ்ப்பாணத்தில் முன்னெண் குறைவதால் பெரிய இலாபமில்லை. சித்திரை வெயிலில் சூடேறும் எஞ்சினுக்குப் பின்னெண்ணையே கவனிக்கவேண்டும். ஆகவே கைநூலைப் பின்பற்றுங்கள்.

கேள்வி (கோண்டாவில்):
மிக்க நன்றி. எம்.ஏ.2 தரமுள்ள செயற்கை ஒயிலை ஊற்றினால், மாற்றும் இடைவெளியை நீட்டலாமா?

பதில் (சாவகச்சேரி):
கைநூல் கூறும் தூரத்தைக் கடக்கவேண்டாம். கழற்றிய பழைய ஒயிலை வளவில் ஊற்றாமல் கராஜில் கொடுத்துவிடுங்கள். நமது சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது கிணற்றுநீரில் கலந்துவிடும்.