மறுமொழி: பிரைமிங் – முன்தூண்டலா, பதமாக்கலா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

> 'பிரைமிங்' என்பதற்கு 'முன்தூண்டல்' போதுமே. இதற்கு ஏன் இத்தனை மடல்கள்?

போதாது ஐயா என்பதுதான் என் கட்சி. ஒரு ஹார்மோன் முன்னதாக வந்து, பின்னால் வருவதற்கு உடலை ஆயத்தம் செய்து வைப்பதைத்தானே இங்கே 'பிரைமிங்' என்கிறோம்; அதற்கு நான் கேட்பது 'பதமாக்கல்'. சூலக ஹார்மோன்கள் பற்றிய அத்தியாயத்தில் உங்கள் சொல்லையே வைத்து நான்கு பக்கம் எழுதிப் பார்த்தேன். மூன்றாம் பத்தியிலேயே இடித்தது.

சோதனையைச் சற்று நெருங்கிப் பாருங்கள். சூலகங்கள் அகற்றப்பட்ட ஒரு பெண் எலி. ஆண் ஏற வந்தால் உதைக்கிறது, ஓடுகிறது. அதற்குச் சூலக ஹார்மோனான எஸ்ட்ராடியாலைச் செலுத்துகிறார்கள். உடனே ஒன்றும் நடப்பதில்லை. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து இன்னொரு சூலக ஹார்மோனான புரோஜெஸ்டிரோன். பிறகும் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதன்பின் ஆணின் முன்கால்கள் விலாவைப் பற்றும் கணத்தில் பெண்ணின் முதுகு குழிகிறது; தலையும் பின்புறமும் உயர்கின்றன; வால் ஒதுங்குகிறது. எல்லாம் ஓரிரு நொடி. இதுதான் லார்டோசிஸ்.

இங்கே தூண்டியது யார்? ஆணின் தொடுகை. எஸ்ட்ராடியால் பார்த்தது வேறு வேலை. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில், வென்ட்ரோமீடியல் உட்கரு என்ற திரளின் நரம்பணுக்களுக்குள் புகுந்து, அங்கே புரோஜெஸ்டிரோனைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகளைப் பெருக்கி வைத்தது. ஏற்பிகள் போதாத இடத்துக்குப் புரோஜெஸ்டிரோன் வந்தால் வாசலில் நின்றுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வரிசையை மாற்றிக் கொடுத்தாலும் பலிக்காது. 'முன்தூண்டல்' என்று படிக்கும் மாணவர், முதலில் சிறிய தூண்டல், பின்னர் பெரிய தூண்டல் என்றுதான் எண்ணிக்கொள்வார். தவறு அவருடையதல்ல, சொல்லினுடையது.

ஆகவே 'பதமாக்கல்'. மண் பதமாக இருந்தால் ஏர் இறங்கும். ஆனால் ஏரை இழுப்பது மாடு, ஈரம் அல்ல. இன்னொரு வசதியும் உண்டு: பதம் தப்பும். எலியின் சூலகச் சுழற்சி நான்கைந்து நாள். அதில் பெண் ஆணை ஏற்கும் காலம் ஒரு நாள்கூட இல்லை. ஹார்மோன் அளவு இறங்கினால் ஏற்பிகளும் குறைந்து, பழையபடி உதையும் ஓட்டமும்தான். வந்து போகிற ஆயத்தத்தைச் சொல்ல 'பதம்' போல் ஒரு சொல் எனக்கு அகப்படவில்லை.

நிலையான மாற்றத்துக்கு இச்சொல்லை நீட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபீனிக்ஸ், கோய், ஜெரால், யங் ஆகியோர் 1959-இல் வெளியிட்ட கினிப்பன்றி ஆய்வில், கருவிலேயே ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்கு ஆளான பெண் குட்டிகள் வளர்ந்த பின், எஸ்ட்ராடியாலும் புரோஜெஸ்டிரோனும் கொடுத்தும் முதுகு குழிப்பது குறைந்திருந்தது. அது பதம் அல்ல, வார்ப்பு. அதற்கு 'அமைவாக்கம்' என்று நாம் முன்பு ஒப்புக்கொண்டதே இருக்கட்டும்.

> எஸ்ட்ராடியாலைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் புரோஜெஸ்டிரோன் இல்லாமலே நடக்கிறதே?

நியாயமான கேள்வி, அம்மா. நடக்கிறது. ஆனால் அப்போதும் விலாவில் தொடுகை வேண்டியிருக்கிறது. பதம் கூடியிருக்கிறது என்று சொல்லலாமே தவிர, தூண்டல் நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. உங்கள் கேள்வி என் பக்கமே சாய்கிறது!

'பதப்படுத்தல்' என்றால் தோலும் உணவும் நினைவுக்கு வருகின்றன என்றார் இன்னொருவர். உண்மைதான், எனக்கும் அந்த நெருடல் உண்டு. அதனால்தான் '-படுத்தல்' வேண்டாம், '-ஆக்கல்' என்கிறேன். பதமாக்கும் அளவு, பதமான எலி, பதமிழப்பு என்று கிளைகள் இயல்பாக வருகின்றன. 'முன்தூண்டலிழப்பு' என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். பம்புக்கும் பெயின்டுக்கும் உளவியலுக்கும் இதே சொல் பொருந்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆங்கிலம் ஒரே சட்டையை எல்லோருக்கும் மாட்டிவிட்டது என்பதற்காக நாமும் மாட்ட வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. நம் கலைச்சொல் வரைவுப் பட்டியலில் லார்டோசிசுக்குக் 'கூனல்' என்று இருக்கிறது. தயவுசெய்து நீக்குங்கள். கூன் வெளியே புடைப்பது; இது உள்ளே குழிவது. நேர் எதிர்! இப்போதைக்குக் 'குழிமுதுகு நிலை' என்று எழுதி வைத்திருக்கிறேன். கொஞ்சம் முரடாக இருக்கிறது. மேலான சொல் யாரிடமாவது இருந்தால் தனி இழையில் தொடங்குங்கள், அங்கே சண்டை போடுவோம்.