ட்விட்டோரியல்: தமிழில் எவ்வாறு வழங்கலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

மருத்துவர்களின் தொடர்கல்வியில் சமூக ஊடகத்தின் பயன்பாடு பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘ட்விட்டோரியல்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். ட்விட்டரில் ஒன்றன்பின் ஒன்றாக இடப்படும் பதிவுகளால் நடத்தும் பாடம் அது. ஓர் எடுத்துக்காட்டு: நோயாளியின் பெயர் நீக்கப்பட்ட ஈசிஜி (இதய மின்னலைப் பதிவு) படம் முதற்பதிவாக வரும்; அடுத்து, நான்கு விடைகளுடன் ஒரு வாக்கெடுப்பு; பின்வரும் பதிவுகள், இரத்தத்தில் பொட்டாசியம் மிகும்போது கால்சியம் குளுக்கோனேட் இதயத்தைக் காக்குமேயன்றிப் பொட்டாசியத்தைக் குறைக்காது என்பதைப் படிப்படியாக விளக்கும். ட்வீட்டைக் கீச்சு என்பதால் ‘கீச்சுப்பாடம்’ என்றே எழுதியிருந்தேன். 2023இல் ட்விட்டர், எக்ஸ் ஆனபின் கீச்சுக்கு அங்கே இடமில்லை.

மறுமொழி 1

ஐயா, ‘இழைப்பாடம்’ எனலாம். மடல்தொடரை நாம் இழை என்றுதானே வழங்குகிறோம்? நன்னூற் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும் பனுவலை இழையாகவும் உருவகித்து, அவற்றிலிருந்து நூல் முடிவதைக் காட்டுகிறது. எக்ஸில் கட்டணம் செலுத்தாதோருக்கு ஒரு பதிவுக்கு 280 குறியீடுகளே எல்லை. ‘கி’, ‘க்’ போன்றவை இரண்டாக எண்ணப்படுவதால் தமிழுக்கு அதிலும் இடம் குறைவு. அத்தனை சிறு பஞ்சுகளைத் திரித்து ஒரு பாடமாக்குவதற்கு இதைவிடப் பொருந்தும் சொல் இல்லை.

மறுமொழி 2

மருத்துவன் என்ற முறையில் மறுக்கிறேன். இலங்கைத் தமிழில் திசுவுக்கு ‘இழையம்’ என்று பெயர். அங்குள்ளவர்கள் இதைத் திசுவியல் பாடம் என்று கொள்வார்கள். ழகர ளகர வேறுபாடு மங்கிய பேச்சில் ‘இழைப்பு’ மூச்சிளைப்பாகவே காதில் விழும். மேலும், பணி முடித்து இரவில் கைப்பேசியைத் திறக்கும் மருத்துவர் ட்விட்டோரியல் என்றுதான் தேடுவார். தேடிக் கிடைக்காத சொல்லால் அவருக்கு என்ன பயன்?

மறுமொழி 3

சொற்களை முன்பின்னாக மாற்றிப் ‘பாட இழை’ என்றாலும் இடர்தான். புணர்த்தினால் ‘பாடவிழை’ ஆகிறது. பாடுவதற்கு விரும்பு என்று படிப்பார்கள். ‘தொடர்பதிவுப் பாடம்’ நீளமானது, எனினும் பார்த்தவுடன் விளங்கும்.

மறுமொழி 4

அனைவருக்கும் நன்றி. தொடர்கல்வி, தொடர்பதிவு என ஒரே வரியில் ‘தொடர்’ இருமுறை வருவது எனக்கு உறுத்துகிறது. எனினும் பார்த்தவுடன் விளங்குவதால் ‘தொடர்பதிவுப் பாடம்’ என்றே இடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ட்விட்டோரியல் உடன் நிற்கும்.

மறுமொழி 5

அச்சுக்குத் தடை சொல்லமாட்டேன், ஐயா. ஆயினும் பதிவுகளை வரிசையாக அடுக்குவது வேறு, ஒன்றோடொன்று பிணைத்துக் கற்பிப்பது வேறு. அந்தப் பிணைப்பு ‘தொடர்பதிவு’ என்பதில் இல்லை. மறுபதிப்பின்போது இழையை மீண்டும் முன்வைப்பேன்.